இளவரசி குண்டான மர்மம்

“என் மீன் குண்டாயிடுச்சு, மேடம்,” என்றார் பல் டாக்டர். சொல்லி முடிப்பதற்குள் அவருடைய குரல் தழுதழுத்துவிட்டது.

இந்தத் தொழிலுக்கு வந்த நாளாக வாலு எத்தனையோ புகார்களைக் கேட்டிருக்கிறான். புருஷனைக் காணோம், பத்திரத்தைக் காணோம், புருஷனும் பத்திரமும் சேர்ந்தே காணோம். மீன் குண்டாகிவிட்டது என்று துப்பறிவாளரைக் கூப்பிட்ட முதல் ஆள் இவர்தான்.

“ரொம்ப சந்தோஷம் டாக்டர். ஸ்வீட் ஏதாவது உண்டா?” என்றான். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் கிளம்பி வந்திருந்தான்.

எக்ஸ்ரே மேடம் அவனை ஒரு பார்வை பார்த்தார். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கோரிக்கைகளைத் தோண்டியெடுக்கும் வேலையில் பாதி ஆயுளைக் கழித்தவர் அவர். எதிரில் இருப்பவர் பையில் என்ன இருக்கிறது என்று பையைத் திறக்காமலே சொல்வார் என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவருடைய உதவியாளனுக்கு வாலு என்ற பெயர் ஏன் வந்தது என்பதற்கு விளக்கம் தேவையில்லை. அவன் வாயைத் திறந்தாலே விளங்கிவிடும்.

“முதல்ல இருந்து சொல்லுங்க டாக்டர்,” என்றார் மேடம்.

டாக்டர் எழுந்து ஒரு ஸ்விட்சைத் தட்டினார். கீழே கிளினிக், மாடியில் வீடு. அந்த மாடி ஹாலின் ஒரு சுவரையே அடைத்துக்கொண்டு ஒரு கண்ணாடித் தொட்டி நீலமாக ஒளிர்ந்தது. உப்புநீர்த் தொட்டி. உள்ளே இளஞ்சிவப்புப் பாசி படிந்த பாறைகள், அவற்றின் மேல் மெல்ல ஆடும் பவளங்கள், இங்கும் அங்கும் பாயும் மஞ்சள் மீன்கள். அந்தச் சந்தடியில் கலந்துகொள்ளாமல் ஒரு மீன் மட்டும் தனியாக நின்றது. வெள்ளை உடம்பில் செம்பு நிறப் பட்டைகள், முதுகில் கண் மாதிரி ஒரு கறுப்புப் பொட்டு, ஊசிபோல நீண்ட மூக்கு.

“வண்ணத்துப்பூச்சி மீன். பேரு இளவரசி. மீன் வளர்க்கிறவங்க யாரை வேணும்னாலும் கேளுங்க, இதை வாங்கவே வாங்காதேன்னுதான் சொல்வாங்க. ஏன்னா, இது சாப்பிடாது. நம்ம கண்ணு முன்னாடியே பட்டினி கிடந்து உயிரை விட்டுடும்.”

“அப்புறம் ஏன் வாங்குனீங்க?” என்றான் வாலு.

“சவால்!” டாக்டர் நெஞ்சை நிமிர்த்தினார். “நான் யாரு? பல் செட் கட்டுறதுல நிபுணன். சாப்பிட முடியாதவங்களைச் சாப்பிட வைக்கிறதுதான் என் தொழிலே. ஒரு மீனைச் சாப்பிட வைக்க முடியாதா?”

முடியவில்லை. அதையும் அவர் பெருமையாகத்தான் சொன்னார். இறாலை நறுக்கிக் கொடுத்தாராம். சிப்பிச் சதையை அரைத்துக் கொடுத்தாராம். கிளினிக்கில் பயன்படுத்தும் விளக்கை நெற்றியில் கட்டிக்கொண்டு, நீளமான இடுக்கியில் தீனியைப் பிடித்து, நேராக அதன் வாய்க்கு எதிரே நீட்டி, “ஆ காட்டு” என்றாராம். இளவரசி முதுகைக் காட்டியதாம். இந்தப் பட்டினிப் போராட்டத்தை மீன் வளர்ப்போர் சங்கத்தின் ஒவ்வொரு கூட்டத்திலும் அவர் எழுந்து நின்று விவரிக்க, எல்லாரும் உச்சுக்கொட்ட, சங்கத்திலேயே பெரிய தியாகி என்ற பட்டம் அவருக்குத்தான் என்று முடிவாகிவிட்டதாம். சாட்சிக்கு, வயிறு ஒட்டிப்போன இளவரசியின் படம் ஒன்று பெரிதாக ஃபிரேம் போட்டுச் சுவரில் தொங்கியது.

“நடுவுல ஒரு மாசம் வெளியூர் போயிருந்தேன், மத்த பல் டாக்டர்களுக்கு வகுப்பெடுக்க. தீனியைச் சும்மா மேலாகத் தூவி விடுன்னு என் மனைவிகிட்ட சொல்லிட்டுப் போனேன். திரும்பி வந்து பார்த்தா...” அவர் தொட்டியைக் காட்டினார். “வயித்தைப் பாருங்க! பளபளன்னு, உருண்டையா! ஆனா இப்பவும் நான் குடுத்தா தொடறதில்லை. மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு பாறைக்குப் பின்னாடி போயிடுது. சாப்பிடாத மீன் எப்படி மேடம் குண்டாகும்? இது என் இளவரசியே இல்லை. மாத்திட்டாங்க!”

“யார் மாத்தினது?”

“சங்கச் செயலாளர். நான் ஊர்ல இல்லாதப்போ தொட்டிக்குப் போடுற உப்பு கேக்குற சாக்குல வந்துட்டுப் போயிருக்கான். என் பேரைக் கெடுக்கணும்னே பண்ணியிருக்கான். பட்டினி கிடக்குற மீனை வெச்சிருந்தவன்னு எனக்கு ஒரு மரியாதை இருந்தது. இப்ப யார் என்னை மதிப்பாங்க?”

டாக்டரின் மனைவி டீயும் பிஸ்கட்டும் கொண்டுவந்து வைத்தாள். வாலு மரியாதைக்கு ஒன்றும், பசிக்கு நாலுமாக எடுத்துக்கொண்டான். மேடத்தின் கண் அதற்குள் வாசற்பக்கம் போயிருந்தது. அங்கே இரண்டு பெட்டிகள் பூட்டித் தயாராக நின்றன.

“யாராவது ஊருக்குக் கிளம்புறீங்களா?”

“அப்பா,” என்றார் டாக்டர், மணி என்ன என்று கேட்டவருக்குப் பதில் சொல்வது மாதிரி. “முதியோர் இல்லத்துல சேர்க்கிறோம். மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம் அங்கிருந்து வண்டி வருது. மறதி முத்திப் போச்சு மேடம். நான் ஊருக்குப் போன அன்னிக்கு ஒரு பல் செட்டைத் தொலைச்சார். வந்ததும் புதுசு செஞ்சு குடுத்தேன், அதையும் தொலைச்சார். இன்னொண்ணு குடுத்தேன், அது நேத்து போச்சு. எங்க வெச்சீங்கன்னா திருதிருன்னு முழிக்கிறார். இன்னிக்குப் பல்லைத் தொலைச்சவர் நாளைக்குத் தன்னையே தொலைச்சுட்டா?”

“அவ்வளவு சீக்கிரமா புதுசு செஞ்சுட முடியுமா?”

“அச்சு என்கிட்ட இருக்கே! ஒரு தடவை எடுத்த அச்சு. அதுலயே வார்த்து எடுத்துட வேண்டியதுதான். மூணும் மயிரிழை வித்தியாசம் இருக்காது.”

காலிக் கோப்பைகளை எடுக்க வந்த மனைவி சற்று நின்றாள். “என்னங்க, மாமாவை இன்னிக்கே அனுப்பணுமா? இன்னொரு தரம் யோசிச்சு...”

“நீ டாக்டரா, நான் டாக்டரா?” என்றார் அவர். அவள் கோப்பைகளோடு உள்ளே போய்விட்டாள். “அது கிடக்கட்டும், மேடம். இளவரசி விஷயத்துக்கு வாங்க.”

மேடம் தொட்டிக்குப் பக்கத்தில் போய் இளவரசியைத் தன் போனில் படம் எடுத்தார். சுவரில் தொங்கிய பட்டினி இளவரசியையும் ஒரு படம் எடுத்தார். பிறகு, மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டுப் படியிறங்கினார். யாரும் அழைக்கவில்லை என்பது வாலுவுக்குத் தெரியும். இந்த மாதிரி விஷயங்களில் அவன் மேடத்தைக் கேள்வி கேட்பதில்லை.

ஸ்கூட்டரைக் கிளப்பும்போது மட்டும் கேட்டான். “மேடம், நிஜமாவே இந்தக் கேஸை எடுத்துக்கிட்டோமா? நாளைக்கு ஒருத்தர் வந்து எங்க வீட்டுப் பூனை சிரிக்க மாட்டேங்குதும்பார்.”

“சாப்பிடாத ஒண்ணு குண்டாகுதுன்னா, எங்கேயோ எதுவோ ஒளிஞ்சிருக்குடா. ஓட்டு.”

சங்கச் செயலாளர் வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கார் நிற்க வேண்டிய இடத்தில் தொட்டிகள் நின்றன; கார் வெயிலில் நின்றது. விஷயத்தைக் கேட்டதும் அவர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

“நானா? அவன் மீனையா? கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க மேடம். நல்லாச் சாப்பிடுற மீனை அங்க விட்டுட்டு, சாகப்போற நோஞ்சானைத் திருடிட்டு வருவானா ஒருத்தன்?”

வாலுவுக்கு அது நியாயமாகப் பட்டது. தன் பர்ஸை வைத்துவிட்டு அடுத்தவரின் கிழிந்த பர்ஸை எடுத்துக்கொண்டு ஓடும் பிக்பாக்கெட்டை அவன் இதுவரை பார்த்ததில்லை.

செயலாளரிடமும் அதே வகை மீன் ஒன்று இருந்தது. மேடம் அதன் முதுகுப் பொட்டைப் பார்த்தார், தன் போனைப் பார்த்தார், மறுபடி பொட்டைப் பார்த்தார். போனை வாலுவிடம் நீட்டினார். செயலாளர் மீனின் பொட்டு முழு வட்டம். இளவரசியின் பொட்டில் ஓரமாக ஒரு சின்ன வெட்டு. சுவர்ப் படத்து நோஞ்சானிலும் அதே இடத்தில் அதே வெட்டு. காலையில் டாக்டர் தொட்டியில் எடுத்த உருண்டைப் படத்திலும் அதே.

“அப்ப ரெண்டும் ஒரே இளவரசிதான்,” என்றான் வாலு. “போச்சு! டாக்டரோட தியாகி பட்டத்தை இனிமே பிடுங்கிடுவாங்க.”

“உங்க மீன் எப்படிச் சாப்பிடுது?” என்று மேடம் செயலாளரைக் கேட்டார்.

அவர் இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போல ஒரு கல்லை எடுத்துவந்தார். அதில் சன்னமாக நாலைந்து கீறல்கள் போட்டிருந்தன. அந்தக் கீறல்களில் சிப்பிச் சதையை அழுத்தித் தொட்டிக்குள் இறக்கினார். நீள மூக்கு மீன் வந்தது, கீறலில் மூக்கை நுழைத்தது, நோண்டி நோண்டித் தின்றது. மஞ்சள் மீன்கள் முட்டி மோதிப் பார்த்துவிட்டு, வாய் நுழையாமல் திரும்பிப்போயின.

“மூக்கு எதுக்கு நீளமா இருக்கு? இடுக்குல விட்டு நோண்டத்தான். தண்ணியில தூவினா மஞ்சப் பயலுங்க ஒரே நிமிஷத்துல காலி பண்ணிடுவாங்க. இது நிதானமான ஜீவன், சண்டைக்குப் போகாது. மூஞ்சிக்கு நேரா லைட்டை அடிச்சு இடுக்கியை நீட்டினா நானே சாப்பிட மாட்டேன். இதை அவன்கிட்ட தலைபாடா அடிச்சுக்கிட்டுச் சொன்னேன். ‘என் வீட்டு மீன் என் கையாலதான் சாப்பிடணும்’ன்னான்.”

“டாக்டர் தொட்டியிலயும் பாறை இருக்கே? அதுல இடுக்கு இருக்காதா?”

“அந்த இடுக்கெல்லாம் பெரிசு, மேடம். மஞ்சப் பயலுங்க குடும்பத்தோட உள்ள போவாங்க. இதுக்குத் தனியா, சின்னச் சின்னதா, வரிசையா இருக்கணும்.”

திரும்பி வரும் வழியெல்லாம் மேடம் பின்னால் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே வந்தார்.

“டாக்டர் ஊருக்குப் போன அன்னிக்கு அந்தத் தொட்டிக்குள்ள யாரோ ஓட்டல் திறந்திருக்காங்க,” என்றான் வாலு. “திறந்தது யாருன்னுதான் தெரியலை.”

“முதலாளி யாருன்னு தெரிஞ்சு போச்சு,” என்றார் மேடம். “ஏன் திறந்தார்ங்கிறதுதான் பாக்கி.”

சாப்பாட்டு மேஜையில் அவர்கள் முதல்முறையாக டாக்டரின் அப்பாவைப் பார்த்தார்கள். உயரமான மனிதர். சட்டை அவருடைய அண்ணனுடையது மாதிரி தொளதொளவென்றிருந்தது. உதடுகள் உள்ளே மடிந்து, பேச்சு கொஞ்சம் குழறியது. மேஜையில் கோழி வறுவலும் காய்கறிகளும் பழமும் இருந்தன. அவர் தட்டில் மட்டும் பாலில் ஊறிய ரொட்டி.

“நல்லா மென்னு சாப்பிடணும்,” என்று டாக்டர் பொதுவாக எல்லாருக்கும் உபதேசம் செய்தார். “பாதி வியாதி மெல்லாததால வருது. கீழே வர்ற ஒவ்வொரு பேஷண்ட்கிட்டயும் சொல்றேன்.”

அப்பா ரொட்டியை நாக்கால் நசுக்கிக்கொண்டே தலையாட்டினார். பிறகு வாலுவைப் பார்த்து, “தம்பி, காலையில வந்தப்போ ஸ்கூட்டரை சைடு ஸ்டாண்டுல விட்டீங்க. இப்பத்தான் நேரா நிறுத்தியிருக்கீங்க. அதான் நல்லது, அந்த இடம் சரிவு,” என்றார்.

வாலு வறுவலைக் கடிப்பதை நிறுத்தினான். இந்த மனுஷனுக்கா மறதி?

“அன்னைக்கு உப்பு வாங்க வந்தவர் என்ன கலர் சட்டை போட்டிருந்தார், ஐயா?” என்று மேடம் சாதாரணமாகக் கேட்டார்.

“பச்சை. காலர்ல பட்டன் இல்லை,” என்றார் பெரியவர். சொன்ன பிறகுதான் மகனைப் பார்த்தார். சட்டென்று கையை நெற்றிக்குக் கொண்டுபோய், “இல்ல, நீலமோ? மறந்து போச்சு,” என்று முணுமுணுத்தார்.

டாக்டர் இதைக் கவனிக்கவில்லை. அவர் கழுத்தைத் திருப்பித் திருப்பித் தொட்டியில் இளவரசியின் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரியவர் தண்ணீர் எடுக்கக் கையை நீட்டினார். கறுப்பு முழுக்கைச் சட்டை. வலது கையில் முழங்கை வரைக்கும் வெள்ளை வெள்ளையாகப் பொரிந்து கிடந்தது. பவுடர் சிந்தியிருக்கிறது என்று வாலு நினைத்தான். மேடம் தண்ணீர் கோப்பையை அவர் கையில் கொடுக்கும்போது அந்தச் சட்டையை விரலால் லேசாகத் தடவிப் பார்த்தார். யாருக்கும் தெரியாமல் விரலை நாக்கில் வைத்தார். பிறகு மேஜைக்குக் கீழே குனிந்து கைக்குட்டையைத் தேடினார். வாலுவும் குனிந்தான். கைக்குட்டை மேடத்தின் கையில்தான் இருந்தது. ஆனால் அவனும் பார்த்துவிட்டான்: பெரியவரின் பெல்ட்டில் கம்பெனி போட்ட ஓட்டைகளைத் தாண்டி, கோணல்மாணலாக இன்னும் மூன்று ஓட்டைகள்.

சாப்பாடு முடிந்ததும் மேடம் எழுந்தார். “டாக்டர், இளவரசிக்கு ஒரு தடவை தீனி குடுங்க. நீங்க எப்பவும் குடுக்கிற மாதிரி.”

டாக்டர் உற்சாகமாகக் களத்தில் இறங்கினார். நெற்றியில் விளக்கு, கையில் இடுக்கி. “ஆ காட்டு, ராணி!” இளவரசி வெளிச்சத்தைப் பார்த்ததும் வாலைத் திருப்பிக்கொண்டு பாறைக்குப் பின்னால் போய்விட்டது. “பார்த்தீங்களா?” என்றார் அவர், வெற்றி பெற்றவர்போல.

“பார்த்தேன். வாலு, கையை மடிச்சுவிட்டுக்கிட்டு அந்தப் பாறைக்குப் பின்னாடி கையை விடு.”

“மேடம், எனக்கு இருக்கிறதே ரெண்டு கைதான்.”

“விடுடா.”

வாலு முக்காலியில் ஏறி, கையைத் தோள் வரைக்கும் தண்ணீரில் விட்டான். பாறைக்கும் பின்சுவருக்கும் நடுவில் துழாவினான். திடீரென்று அவன் முகம் மாறியது.

“மேடம், ஏதோ கடிக்குது! இல்ல... கடிக்கலை. ஆனா பல்லு இருக்கு.”

“எடு.”

வெளியே வந்தது ஒரு பல் செட். இளஞ்சிவப்பு ஈறு, மேலே பாசி அங்கங்கே இளஞ்சிவப்பாகவே படிந்து, பாறை எது ஈறு எது என்று தெரியாதபடி தொட்டியோடு தொட்டியாகிப் போயிருந்தது. பற்களின் இடுக்குகளில் இறால் துணுக்குகள் பதிந்திருந்தன. வாலு மறுபடி கையை விட்டு இரண்டாவதை எடுத்தான். மூன்றாவது புத்தம் புதிதாக இருந்தது.

மேடம் முதல் செட்டை வாங்கி, தொட்டியின் முன்பக்கத்தில், கண்ணாடிக்கு அருகிலேயே மெல்ல இறக்கி வைத்தார். டாக்டரின் நெற்றி விளக்கையும் அணைத்தார். சற்று நேரத்தில் பாறைக்குப் பின்னாலிருந்து இளவரசி வந்தது. பல் செட்டை ஒரு சுற்றுச் சுற்றியது. கடைவாய்ப் பற்களுக்கு நடுவே மூக்கை நுழைத்து நிதானமாக நோண்டித் தின்ன ஆரம்பித்தது.

“மேலே தூவுற தீனியை மஞ்சள் மீனுங்க பறிச்சுக்கும்,” என்றார் மேடம். “சிதறுற தூள் மட்டும் கீழே போய் இந்தப் பல்லிடுக்குல சிக்கும். அங்க இவ மூக்கு மட்டும்தான் போகும். மீனை யாரும் மாத்தலை டாக்டர். பரிமாறுற தட்டுதான் மாறிப்போச்சு.”

டாக்டர் தொட்டிக்கு முன்னால் மண்டியிட்டிருந்தார். கண்ணில் தண்ணீர். “சாப்பிடுது! என் கண்ணு முன்னாடி சாப்பிடுது! மேடம், இது உலகத்துலயே யாரும் செய்யாத முறை. பல் செட் முறை! அடுத்த கூட்டத்துல எடுத்துச் சொன்னா செயலாளர் மயக்கம் போட்டு விழுந்துடுவான்...”

“நீங்க கட்டின பல்லு ஒரு ஜீவனுக்காவது சரியாப் பொருந்தியிருக்கு, டாக்டர்,” என்றான் வாலு.

டாக்டருக்கு அது உறைக்கவில்லை. உறைக்க வைத்தது அவருடைய மனைவி.

“போதும் எந்திரிங்க!” அவள் அவ்வளவு சத்தமாகப் பேசி அந்த வீடு கேட்டதில்லை. டாக்டர் எழுந்தே விட்டார். “மீன் வயித்தை தினமும் லைட் அடிச்சுப் பார்த்தீங்களே, மாமா வயித்தை ஒரு நாளாவது பார்த்தீங்களா? அவர் பெல்ட்டுல ஆணி வெச்சு ஓட்டை போட்டுக் குடுத்தது நான். ஒண்ணு போட்டேன், பத்தலை. இன்னொண்ணு போட்டேன், அதுவும் பத்தலை. உங்ககிட்ட சொல்ல வந்தா நீ டாக்டரா நான் டாக்டரா!”

டாக்டர் அப்பாவைப் பார்த்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு முழுதாகப் பார்த்தார் என்று வாலுவுக்குத் தோன்றியது. கழுத்து எலும்பையும், மணிக்கட்டையும், அந்தத் தொளதொளச் சட்டையையும்.

“நீங்களாப்பா போட்டீங்க? தொட்டிக்குள்ளயா?”

“சட்டைக் கையில உப்பு காய்ஞ்சிருக்கு,” என்றார் மேடம். “முழங்கை வரைக்கும். இந்த வீட்டுல உப்புத் தண்ணி வேற எங்கயும் இல்லை.”

பெரியவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். மாட்டிக்கொண்டவரின் முகமாக இல்லை. பாரத்தை இறக்கி வைத்தவரின் முகமாக இருந்தது.

“குத்துதுடா,” என்றார். “கீழ் ஈறுல, இடது பக்கம். போட்டா உயிர் போகுது.”

“சொல்ல வேண்டியதுதானே!”

“நீ கேட்டியா? பல்லை மாட்டிவிட்டு, கண்ணாடியைக் காட்டி, ‘பிரமாதமா இருக்குல்ல?’ன்னு கேட்ட. ஆமான்னேன். உன் முகத்துல அப்படி ஒரு சந்தோஷம். தொலைச்சா வேற செய்வ, அது சரியா இருக்கும்னு பார்த்தேன். ரெண்டாவதும் அதே இடத்துல குத்துச்சு. மூணாவதும் அதே இடத்துல.”

“ஒரே அச்சு,” என்றார் மேடம். “மயிரிழை வித்தியாசம் இருக்காதுன்னு நீங்கதான் சொன்னீங்க.”

டாக்டர் புத்தம் புதிய மூன்றாவது செட்டை எடுத்து, கீழ் ஈறின் இடது பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தார். வகுப்பெடுக்கிற நிபுணர் தன் வேலையைத் தானே பரிசோதிக்க வேண்டியதாயிற்று. வாலு அதை ரசித்தான். ரசித்ததற்காக வெட்கப்படவும் இல்லை.

“மறதின்னு நடிச்சீங்களா மாமா?” என்றாள் மருமகள். அழுகையும் சிரிப்பும் அவளுக்குச் சேர்ந்தே வந்தன. “போதும், நான் பெட்டியைப் பிரிக்கிறேன். வண்டி வந்தா திருப்பி அனுப்பிடலாம்.”

வாலு மேடத்தைப் பெருமையோடு பார்த்தான். கேஸ் முடிந்தது, பெரியவரைக் காப்பாற்றியாயிற்று, கிளம்பவேண்டியதுதான். ஆனால் மேடம் கிளம்புகிற மாதிரி தெரியவில்லை. அவர் பெரியவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பெட்டியைத் தொடாதே,” என்றார் பெரியவர். “நான் போறேன்.”

“ஏன் மாமா? எங்க மேல கோபமா?”

“கோபமில்லம்மா. அந்த இல்லத்துக்கு வாராவாரம் ஒரு பல் டாக்டர் வர்றாங்களாம். கைராசிக்காரங்களாம். போன் பண்ணி விசாரிச்சுட்டுத்தான் மறதியே ஆரம்பிச்சேன்.”

இந்த வீட்டை விட்டு இந்த மனிதரைத் துரத்துகிறார்கள் என்றுதான் காலையிலிருந்து வாலு நினைத்துக்கொண்டிருந்தான். அவரே திட்டம் போட்டு, அவரே நடித்து, அவரே பெட்டி கட்டியிருக்கிறார்.

“பல்லு வேணும்னா இங்கேயே வேற டாக்டர்கிட்ட போயிருக்கலாமே ஐயா?” என்றார் மேடம் மெதுவாக.

“எப்படிம்மா போறது? கீழே இவ்வளவு பெரிய போர்டுல இவன் பேரு இருக்கு. பெத்த அப்பனே அடுத்த தெருவுல போய்ப் பல்லு கட்டிக்கிட்டான்னா நாளைக்கு இவன்கிட்ட யார் வருவா? மறதின்னா யாரும் இவனைக் குறை சொல்ல மாட்டாங்க. பாவம், அப்பாவுக்கு இப்படி ஆயிடுச்சேன்னு அனுதாபம்தான் படுவாங்க.” மகன் பக்கம் திரும்பினார். “பசிக்குதுடா. ஒரு ஆப்பிளைக் கடிச்சு எவ்வளவு நாளாச்சு தெரியுமா?”

காலையில் பிஸ்கட்டை ஐந்தாக எடுத்துக்கொண்டது இப்போது வாலுவை உறுத்தியது.

கீழே தெருவில் ஒரு வண்டி வந்து நின்று ஹார்ன் அடித்தது.

தொட்டியில் இளவரசி இன்னும் கடைவாய்ப் பல்லிடுக்கில் சாவகாசமாகத் தின்றுகொண்டிருந்தது. ஆனால் இந்தத் தடவை டாக்டர் அதைப் பார்க்கவில்லை. போனை எடுத்தார்.

“அந்த டாக்டர் பேரு என்னப்பா?”

பெரியவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். டாக்டருக்கு நம்பரைத் தேட வேண்டியிருக்கவில்லை. ஒரே தொழில், ஒரே ஊர். எதிர்முனையில் யாரோ எடுத்தார்கள்.

“வணக்கம். ஒரு அப்பாயின்ட்மென்ட் வேணும். என் அப்பாவுக்கு. ஆமாங்க, பல் செட். கீழ் ஈறு குத்துது, ரொம்ப நாளா சாப்பிட முடியாம இருக்கார். இன்னிக்கே பார்க்க முடியுமா? இல்லைங்க, புதுசா அச்செடுத்துத்தான் செய்யணும். பழைய அச்சு வேண்டாம்.” அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். டாக்டரின் முகம் வெளுத்தது. போனைக் கையால் பொத்திக்கொண்டு நின்றார்.

“என்னடா?” என்றார் அப்பா.

“பழைய செட்டை யார் செஞ்சதுன்னு கேக்கறாங்க.”

பெரியவர் மகனை, பள்ளிக்கூடத்தில் ஜன்னலை உடைத்துவிட்டு வந்து நிற்கும் பையனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

“யாரோ வெளியூர் டாக்டர்னு சொல்லுடா,” என்றார். “பேரு எங்க அப்பாவுக்கு மறந்து போச்சுன்னு சொல்லிடு.”

டாக்டர் போனிலிருந்து கையை எடுத்தார்.

“நான்தாங்க செஞ்சேன்,” என்றார். “ஒரு தடவை இல்ல, மூணு தடவை.”

கீழே வண்டி மறுபடி ஹார்ன் அடித்தது. அதைத் திருப்பி அனுப்ப மருமகள் படியிறங்கினாள்.